கேள்விக்கேற்ப மாறும் படம்

டாஷ்போர்டு என்பது பார்ப்பவர் கேள்வி கேட்கக்கூடிய விளக்கப்படம். அச்சிட்ட படம் ஒரே பதிலோடு நின்றுவிடும். டாஷ்போர்டில் நாட்டையோ ஆண்டையோ பார்ப்பவரே தேர்ந்தெடுக்கிறார், படம் அதற்கேற்ப மாறுகிறது. ஒரு காலத்தில் இதற்கு ஜாவாஸ்கிரிப்ட், எச்டிஎம்எல், சர்வர் நிரல் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். 2017இல் பிளாட்லி நிறுவனம் டாஷ் நூலகத்தை வெளியிட்டது. 2019இல் ஸ்ட்ரீம்லிட் என்ற இன்னொரு நூலகம் வந்தது. பைத்தான் மட்டும் தெரிந்த ஆசிரியரோ ஆய்வு மாணவரோ இன்று ஒரே மாலையில் இந்த வேலையை முடித்துவிடலாம்.

பழகிப் பார்க்க கேப்மைண்டர் தரவு மிகவும் ஏற்றது. ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் தம் உரைகளால் உலகறியச் செய்த தரவு அது. அதன் ஒரு பகுதி பிளாட்லி எக்ஸ்பிரஸ் நூலகத்தோடு சேர்ந்தே வருவதால், தனியாகத் தேடி இறக்க வேண்டியதில்லை. 142 நாடுகள், 1952 முதல் 2007 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, மொத்தம் 1,704 வரிசைகள். ஒவ்வொன்றிலும் சராசரி ஆயுள், மக்கள்தொகை, தனிநபர் உற்பத்தி ஆகியவை உண்டு.

நிரலில் கை வைக்கும் முன் கேள்வியை முடிவு செய்துகொள்வது நல்லது. வருமானம் கூடக் கூட ஆயுளும் கூடுகிறதா என்பது ஒரு கேள்வி. அதற்கு எல்லா நாடுகளையும் புள்ளிகளாக்கி, ஆண்டை மாற்ற ஒரு ஸ்லைடர் வைத்தால் போதும். இலங்கையும் இந்தியாவும் எப்படி வேறுபட்டன என்பது இன்னொரு கேள்வி. 1952இல் இலங்கையின் சராசரி ஆயுள் 57.6 ஆண்டுகள், இந்தியாவுடையது 37.4. 2007இல் அவை 72.4, 64.7. இருபது ஆண்டு இடைவெளி எட்டுக்கும் கீழே சுருங்கிய இந்தக் கதையைப் புள்ளிப்படம் சொல்லாது. கோட்டுப்படமும் நாடுகளைத் தேர்ந்தெடுக்கும் டிராப்டவுனும் தேவை. எந்தக் கேள்விக்கும் உதவாத பொத்தான் திரையில் இருக்கவே கூடாது.

டாஷ் நிரலுக்கு இரண்டு பகுதிகள். முதலாவது லேஅவுட்: தலைப்பு, ஸ்லைடர், படம் ஆகியவை எங்கே இருக்கும் என்று சொல்வது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளப் பெயர் இடப்படும். இரண்டாவது கால்பேக், டாஷ்போர்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. இது ஒரு சாதாரண பைத்தான் ஃபங்ஷன். ஸ்லைடரின் மதிப்பு உள்ளீடு, படம் வெளியீடு என்று அதன் தலைமேல் அறிவித்துவிட்டால், ஸ்லைடர் நகரும்போதெல்லாம் டாஷ் அதை அழைக்கும். ஃபங்ஷன் அந்த ஆண்டின் வரிசைகளைப் பாண்டாஸ் நூலகத்தைக் கொண்டு வடிகட்டி, புதிய படத்தை வரைந்து திருப்பித் தரும். வடிகட்டியதைத் தனி மாறியில் வைக்க வேண்டும். மூல அட்டவணையையே மாற்றினால், அதே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவருக்கும் தரவு கெடும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

அச்சுகளில் கவனம் வேண்டும். இந்தத் தரவில் தனிநபர் உற்பத்தி 2002இன் காங்கோ ஜனநாயகக் குடியரசில் 241 டாலர். 1957இன் குவைத்தில் 1,13,000 டாலருக்கும் மேல். சாதாரண அளவுகோலில் ஏழை நாடுகள் எல்லாம் இடது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். மடக்கை அளவுகோல் அவற்றைப் பிரித்துக் காட்டும். இரு அச்சுகளின் எல்லைகளையும் நிலையாக நிறுத்தி வைப்பதும் அவசியம். இல்லையென்றால் ஆண்டு மாறும்போது அச்சும் மாறி, நாடு முன்னேறியதா அச்சு நகர்ந்ததா என்று தெரியாமல் போகும்.

ஸ்லைடரை 1992க்குக் கொண்டுவந்தால் ஒரு புள்ளி மட்டும் அடியில் விழுந்து கிடக்கும். அது ருவாண்டா. 1987இல் 44 ஆண்டுகளாக இருந்த சராசரி ஆயுள் 23.6 ஆகியிருக்கும், தரவு முழுவதிலும் இதுவே மிகக் குறைந்த எண். அங்கே இனப்படுகொலை நடந்தது 1994இல், ஆனால் ஐந்தாண்டு இடைவெளி கொண்ட அட்டவணையில் அந்த ஆண்டே இல்லை. இத்தகைய எண்ணை விளக்கமின்றி விடுவது பொறுப்பாகாது. சுட்டியைப் புள்ளிமேல் வைத்தால் நாட்டின் பெயரும் எண்ணும் தெரிய வேண்டும். படத்தின் அடியில் தரவின் மூலமும் கால இடைவெளியும் எழுதியிருக்க வேண்டும்.

ஸ்ட்ரீம்லிட் வேறு வழியில் போகிறது. அதில் கால்பேக் எழுதாமலே தொடங்கலாம். ஸ்லைடர் ஒவ்வொரு முறை நகரும்போதும் நிரல் முழுவதும் மேலிருந்து கீழாக மீண்டும் ஓடும். சிறிய வேலைக்கு இதைவிட எளிது இல்லை. பெரிய கோப்பை ஒவ்வொரு முறையும் படித்துக்கொண்டிருந்தால் திரை திணறும் என்பதால், தரவை ஏற்றும் ஃபங்ஷனுக்கு மட்டும் கேச் வசதியைச் சேர்க்க வேண்டும். பல படங்கள் ஒன்றையொன்று பாதிக்கும் பக்கத்துக்கு டாஷே பொருத்தம்.

டாஷ் நிரலை ஓட்டினால் சொந்தக் கணினியின் 8050ஆம் போர்ட்டில் பக்கம் திறக்கும். எழுதும்போது டீபக் நிலை உதவியாக இருக்கும்: கோப்பைச் சேமித்தவுடன் பக்கம் புதுப்பிக்கப்படும், பிழையும் திரையிலேயே தெரியும். பிறர் பார்க்கும் சர்வரில் ஏற்றும்போது அதை அணைத்துவிட்டு, கூனிகார்ன் போன்ற சர்வர் மென்பொருளின் கீழ் நிரலை ஓட்ட வேண்டும்.