மாறி வந்த பொருளும் திரும்ப வேண்டிய பணமும்

 

அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரை எச்சரித்துத் தொடங்குகின்றது திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம். அன்றைய வியாபாரத்தில் தராசு கண் முன்னே தொங்கியது. விற்பவரின் முகமும் தெரிந்தது. இன்றோ கைபேசியில் படத்தைப் பார்த்துப் பணத்தைச் செலுத்துகின்றோம். தராசும் தெரிவதில்லை, முகமும் தெரிவதில்லை. பெருநாள் துணி எடுக்கச் சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறிய குருவிகுளத்து மக்களின் வாசலுக்கே இன்று பொட்டலம் வந்து சேர்கின்றது. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கேட்டது ஒன்றும் வந்தது வேறொன்றுமாக இருந்தால் என் செய்வது?

எங்கள் பகுதியில் ஒரு வீட்டில், நோன்புப் பெருநாளுக்காக மகளுக்கு 1,250 ரூபாயில் சுடிதார் ஒன்றை வரவழைத்தார்கள். பொட்டலத்தில் இருந்தது ஒரு மெல்லிய துப்பட்டா மட்டுமே. கணவர் வளைகுடாவில் வாகனம் ஓட்டி அனுப்பிய பணம் அது. "ஏமாந்து விட்டாயே" என்று ஏசுவாரோ என அஞ்சிய அந்தத் தாய், பொட்டலத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். திருப்பி அனுப்புவதற்கான ஏழு நாட்களும் கழிந்தன. "நம் நஸீபு அவ்வளவுதான், ஸப்ரு செய்வோம்" என்பதே அவர் தமக்குச் சொல்லிக்கொண்ட ஆறுதல்.

சகோதரிகளே! இது ஸப்ரு அன்று, அச்சம். இறைவன் விதித்த சோதனையைப் பொறுத்துக்கொள்வது வேறு. மனிதர் இழைத்த தவறைத் திருத்தக் கேளாமல் இருப்பது வேறு. நம் மார்க்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்கவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதை அறிந்தார்கள். ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்காதது ஏன் என்று வியாபாரியைக் கேட்டார்கள். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி பதிவாகியிருக்கின்றது.

இவ்வடிப்படையில் நம் சட்ட மேதைகள் 'கியார்' என்னும் உரிமையை விரிவாக வகுத்தார்கள். வாங்கிய பொருளில் குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை 'கியாருல் ஐப்'. பாராமல் வாங்கியவர், பொருளைப் பார்த்த பின் ஏற்கவோ மறுக்கவோ செய்யும் உரிமை 'கியாருர் ருஃயா'. இது ஹனஃபி மத்ஹபில் உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் பாராத பொருளின் விற்பனைக்கு நிபந்தனைகள் கடுமை. எனினும், தன்மைகளைச் சொல்லி விற்ற பொருள் அவ்வாறே இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. தந்தி, டெலக்ஸ், பேக்ஸ், கணினித் திரை ஆகியவற்றின் வழியே செய்யும் ஒப்பந்தங்கள் செல்லும் என்று, 1990ஆம் ஆண்டு மார்ச்சில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது. ஆக, கைபேசியில் வாங்கியதும் வியாபாரமே. அதன் உரிமைகளும் கடமைகளும் நமக்கு உண்டு.

நாட்டின் சட்டமும் இதையே கூறுகின்றது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் 2020 ஜூலையில் மின்வணிக விதிகள் வெளியாயின. பொருள் பழுதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் கூறிய தன்மைக்கு மாறாகவோ இருந்தால், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2022 ஆகஸ்டில், உரிய தர விதிகளுக்கு உட்படாத பிரஷர் குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட்டதற்காக அமேசான் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. விற்கப்பட்ட 2,265 குக்கர்களை வாங்கியோருக்கு அறிவித்து, அவற்றைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் ஆணையிட்டது. நிறுவனம் அதை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. ஆயினும், கேட்பதற்கு ஓர் இடம் இருக்கின்றது என்பதை அந்த ஆணை நாட்டுக்கு உணர்த்தியது.

இனி, செய்ய வேண்டியவற்றைக் காண்போம்.

ஒன்று: பொட்டலத்தைப் பிரிக்கும்போதே, முகவரிச் சீட்டு தெரியும்படி கைபேசியில் படம் பிடியுங்கள். பிரித்துக் காட்டி ஒப்படைக்கும் முறை இருந்தால், உள்ளிருப்பதைப் பார்த்த பின்னரே இரகசிய எண்ணைக் கூறுங்கள்.

இரண்டு: மாறி வந்த பொருளை உடுத்தவோ உபயோகிக்கவோ வேண்டாம். குறையை அறிந்த பின் உபயோகித்தால் அது சம்மதமாகக் கருதப்படும் என்பது ஃபிக்ஹு விதி. நிறுவனமும் அதையே காரணம் காட்டி மறுக்கும்.

மூன்று: அன்றைய தினமே அந்நிறுவனத்தின் செயலியில் 'திருப்புதல்' பகுதியில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். எடுத்துச் செல்ல வருபவரிடம் ரசீது பெறுங்கள்.

நான்கு: மறுத்தால் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதுங்கள். அதிலும் பயனில்லையேல் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலும் பேசலாம்.

ஐந்து: இறுதி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்குபவர் வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை.

நான் முன்னர்க் கூறிய வீட்டிலும், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி ஒருவர் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்து கொடுத்தார். மூன்றாம் வாரத்தில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது. அல்ஹம்து லில்லாஹ்!

ஓர் எச்சரிக்கை. பணத்தைத் திரும்பப் பெறும் அவசரத்தில் இணையத்தில் தேடிக் கிடைக்கும் ஏதோ ஓர் எண்ணை அழைக்காதீர்கள். அங்கே மோசடிக்காரர்கள் காத்திருக்கின்றார்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ இரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் உங்கள் பணத்தை எடுக்கவே கேட்கின்றார். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930-ஐ அழையுங்கள்.

உரிமையைப் பேசிய நாம் கடமையையும் பேச வேண்டும். பெருநாளன்று உடுத்திவிட்டு, மறுநாள் "அளவு சரியில்லை" என்று துணியைத் திருப்புவோர் நம்மிலும் இருக்கின்றார்கள். புதியதை எடுத்துக்கொண்டு பழையதைப் பொட்டலத்தில் வைத்து அனுப்புவோரும் உண்டு. 1,000 ரூபாய்ப் பொருளுக்குத் தவறுதலாக 5,000 ரூபாய்ப் பொருள் வந்தால், "அல்லாஹ் கொடுத்தான்" என்று வைத்துக்கொள்ளலாமா? கூடாது. அது நம்மிடம் உள்ள அமானத்து. பணமும் பொருளும் இரண்டும் நம்மிடம் தங்கிவிட்டாலும் அவ்வாறே, அறிவிப்பது கடமை.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. குறையுள்ள துணி ஒன்றை, அக்குறையைக் கூறி விற்கும்படி கூட்டாளியிடம் சொல்லியிருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவரும் அடையாளம் தெரியவில்லை. இமாமவர்கள் அத்துணியின் விலையை ஏழைகளுக்கே தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களது வரலாறு கூறுகின்றது. ஹராமின் நிழல் கூடத் தம் வருமானத்தில் படியலாகாது என்பதே அப்பெருந்தகையின் அச்சம்.

கணவன்மார்களுக்கும் ஒரு சொல். வீட்டிலுள்ள பெண் ஏமாற்றப்பட்டு வந்து நின்றால் ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சி அவர் மறைக்கும் நாட்களில்தான் திருப்பும் தவணை முடிந்து போகின்றது. உடன் அமர்ந்து புகாரை எழுதிக் கொடுங்கள்.

நமக்குரியதை அஞ்சாமல் கேட்கவும், பிறருக்குரியதைத் தயங்காமல் திருப்பவும், நம் கொடுக்கல் வாங்கல் அனைத்திலும் பரக்கத்தைப் பெறவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.