காசு ஆகாத காசு

ஒரு சென்ட் காசுக்காகக் கோர்ட்டில் வழக்கு நடக்குமா? அமெரிக்காவில் நடந்திருக்கிறது, நேயர்களே!

1973-ல் செம்பு விலை மளமளவென்று ஏறிற்று. ஒரு சென்ட் காசு அடிக்க ஒரு சென்ட்டுக்கு மேல் செலவாகிவிடுமோ என்று நாணயச் சாலையாருக்குப் பயம். அலுமினியத்தில், 1974 என்று வருஷம் போட்டு, பரீட்சார்த்தமாக 15 லட்சத்துக்கு மேல் அடித்துவிட்டார்கள். காங்கிரஸ் சபை அங்கத்தினர்கள் சிலருக்கு மாதிரியும் கொடுத்தார்கள்.

வந்தது எதிர்ப்பு! காசு போட்டால் சாமான் தரும் யந்திரங்களில் இது சரிப்படாது என்றார்கள் யந்திரக்காரர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் எக்ஸ்ரே படத்தில் சரியாகத் தெரியாதே என்றார்கள் டாக்டர்கள். யோசனை கைவிடப்பட்டது, காசுகளை உருக்கிவிட்டார்கள். ஆனால், கொடுத்த மாதிரிகளைத் திருப்பிக் கேட்டபோது எல்லாம் வந்து சேரவில்லை!

வருஷங்கள் ஓடின. டென்வர் நாணயச் சாலையில் உத்தியோகம் பார்த்த ஒருவர் விட்டுச் சென்ற சில்லறையில் அத்தகைய காசு ஒன்று கிடந்தது. 2014-ல் அதை ஏலம் விட ஏற்பாடாயிற்று. இரண்டரை லட்சம் டாலர் போகும் என்று மதிப்பு! ‘புழக்கத்துக்கு விடாத காசு சர்க்கார் சொத்து’ என்று குறுக்கே வந்தது நாணயச் சாலை. வழக்கு நடந்து, 2016-ல் காசு சர்க்காரிடமே திரும்பிப் போயிற்று.

சோதனைக் காசு சேர்க்கும் அன்பர்களே! அபூர்வம் என்றதும் மயங்கிவிடாதீர்கள். அது எந்த வாசல் வழியாக வெளியே வந்தது என்று முதலில் கேளுங்கள். விலையை அப்புறம் கேட்கலாம்.