டிக்கெட் விற்பதும் வியாபாரமே!

மளிகைக் கடைக்காரர்களும் மண்டிக்காரர்களும் படிக்கும் இந்த இதழில் கால்பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பந்தை உதைப்பவர்களைப் பற்றி நாம் எழுத வரவில்லை. அந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்கு விற்கப்படும் டிக்கெட்டைப் பற்றித்தான் எழுதுகிறோம். தேவை அதிகம், சரக்கு குறைவு, வாசலிலே கூட்டம். இப்படிப்பட்ட நேரத்தில் விற்பவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இது நம் தொழிலுக்கும் உரிய கேள்வி அல்லவா?

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். விடுதி நண்பர்களோடு தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துப் பார்த்து, அங்குள்ள ஒரு பெரிய கிளப்புக்கு ரசிகரானார். ஊர் திரும்புவதற்குள் ஒரு ஆட்டத்தையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஆட்டத்தன்று காலையிலேயே மைதானத்துக்குப் போய் நின்றார். டிக்கெட் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு இணையத்தில் தேடினார். ஒரு தளத்தில் உரிய விலையைப் போல் மூன்று மடங்கு கேட்டார்கள். பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தைக் கட்டி வாங்கினார். வாசலில் இருந்த இயந்திரம் அந்த டிக்கெட்டை ஏற்கவில்லை. கிளப்பின் அனுமதி இல்லாமல் கைமாறியது என்று ரத்து செய்திருந்தார்கள். உள்ளே எழுந்த ஆரவாரத்தை வெளியே நின்று கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பினார்.

அன்றிரவு தொலைபேசியில் தகப்பனாரிடம் அவர் சொன்னது இது: "அப்பா, நம்ம கடையில காசு கொடுத்தா யாருக்கும் சரக்கு கிடைக்கும். இங்கே காசு மட்டும் இருந்தா போதாதுப்பா."

இதை நம்மிடம் சொன்ன அந்த உறுப்பினர், "இது என்ன வியாபாரம்?" என்று கொதித்தார். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். விசாரித்துப் பார்த்தபோது, அதில் பாராட்ட வேண்டியதும் இருக்கிறது, கண்டிக்க வேண்டியதும் இருக்கிறது என்று தெரிந்தது.

யாருக்கு முதல் உரிமை?

இங்கிலாந்தின் முதல் வரிசைப் போட்டியான பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் ஆகஸ்ட் முதல் மே வரை 38 ஆட்டங்கள். அவற்றில் 19 சொந்த மைதானத்தில். லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் சுமார் 61,000 இருக்கைகள்தான் உண்டு. ரசிகர்களோ உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

இந்த இருக்கைகளில் பெரும்பகுதி, பருவம் முழுமைக்கும் முன்பணம் கட்டிய பழைய ரசிகர்களுக்குப் போய்விடுகிறது. இதைச் 'சீசன் டிக்கெட்' என்கிறார்கள். ஆண்டுதோறும் அவர்களே புதுப்பித்துக் கொள்வதால், பெரிய கிளப்புகளில் புதியவர் காத்திருப்போர் பட்டியலில் பல ஆண்டுகள் நிற்க வேண்டியிருக்கிறது. எதிரணி ரசிகர்களுக்கு 3,000 இருக்கைகள் அல்லது மைதானத்தில் பத்தில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அது. மிச்சம் இருப்பது ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு. சந்தா கட்டினால் டிக்கெட் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கேட்பதற்கான உரிமைதான் கிடைக்கும். லிவர்பூல், ஆர்சனல் போன்ற கிளப்புகளில் கேட்டவர்களிடையே குலுக்கல் போடுகிறார்கள். இத்தனையும் முடிந்த பிறகுதான் பொது விற்பனை. பெரிய ஆட்டங்களுக்கு அந்தக் கட்டம் வருவதே இல்லை.

இதில் தவறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. தீபாவளி நேரத்தில் சரக்கு தட்டுப்பட்டால் நாம் என்ன செய்கிறோம்? மாதக் கணக்கு வைத்திருக்கும் வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குத் தருகிறோம். மழையிலும் வெயிலிலும், அணி தோற்ற ஆண்டிலும் வந்தவனுக்கு முதல் மரியாதை செய்வது வியாபார தர்மம்தான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இன்றைய பழைய வாடிக்கையாளர் ஒரு நாள் நம் கடைப் படியைப் புதிதாக மிதித்தவர்தான். புதியவருக்குக் கதவை முழுவதும் சாத்திவிட்டால், பழையவர்களின் காலத்துக்குப் பிறகு கல்லாவில் யார் பணம் போடுவார்கள்?

புதியவருக்கும் வழி உண்டு

இங்கிலாந்தில் கதவு முழுவதும் சாத்தப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் உறுப்பினர்களுக்கு இது பயன்படும்.

பருவம் தொடங்குவதற்கு முன்பே உறுப்பினர் சந்தா கட்டிவிடுவது முதல் வழி. வர முடியாத சீசன் டிக்கெட்காரர்கள் தங்கள் இருக்கையைத் திருப்பித் தருவதற்குப் பல கிளப்புகள் தாங்களே ஒரு மறுவிற்பனை ஏற்பாடு வைத்திருக்கின்றன. அதில் உரிய விலைக்கே இருக்கை கிடைக்கும். எதிரணியின் பெயரைப் பொறுத்து ஆட்டங்களைத் தரம் பிரித்து விலை வைக்கும் கிளப்புகளும் உண்டு. பெயர் பெற்ற எதிரணியோடு மோதும் ஆட்டத்தை விட்டுவிட்டு, சாதாரண ஆட்டத்தையோ கோப்பைப் போட்டியின் தொடக்கச் சுற்றையோ கேட்டால் வாய்ப்பு அதிகம், செலவும் குறைவு. பிரீமியர் லீக்குக்குக் கீழே மூன்று பிரிவுகளில் 72 தொழில்முறை அணிகள் ஆடுகின்றன. அவற்றில் பலவற்றின் ஆட்டங்களுக்கு அந்த வாரத்திலேயே டிக்கெட் வாங்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. தொலைக்காட்சிக்காக ஆட்டத்தின் நாளும் நேரமும் மாற்றப்படுவது அங்கே வழக்கம். தேதி உறுதியாகாமல் ரயிலுக்கோ விமானத்துக்கோ பணம் கட்டக் கூடாது. உள்ளூர் ரசிகர்கள் பகுதியில் எதிரணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்காரவும் கூடாது. எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கள்ள டிக்கெட்டும் சட்டமும்

சினிமா கொட்டகை வாசலில் 'பிளாக்' டிக்கெட் விற்றதை நாம் அறிவோம். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் 97 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். காவல்துறை கூட்டத்தைச் சரியாகக் கையாளாததே முதன்மைக் காரணம் என்று விசாரித்த நீதிபதி டெய்லர் கண்டார். அவரது 1990ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகு முதல் வரிசை மைதானங்கள் முழுவதும் இருக்கைகள் போடப்பட்டன. இரு அணி ரசிகர்களையும் பிரித்து உட்கார வைப்பதும், யார் கையில் எந்த டிக்கெட் இருக்கிறது என்பதும் பாதுகாப்புப் பிரச்சினை ஆயின. கள்ள டிக்கெட் இந்த ஏற்பாட்டையே குலைத்துவிடும்.

ஆகவே நம் உறுப்பினரின் மகனை வாசலில் நிறுத்தியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரிடம் மூன்று மடங்கு வாங்கியவன் எங்கோ பத்திரமாக இருக்கிறான். ஏமாந்த பிள்ளைதான் தண்டனை அனுபவித்தார். கிளப்புகள் 'எங்களிடம் மட்டும் வாங்குங்கள்' என்பதைப் புதியவரின் கண்ணில் படும்படி சொல்ல வேண்டாமா? விதி தெரிந்த பழையவர் ஏமாறுவதில்லை. ஏமாறுவது எப்போதும் புதியவர்தான்.

வாடிக்கையாளர் எழுந்து போனபோது

விலை விஷயத்துக்கு வருவோம். 2016இல் லிவர்பூல் கிளப் தன் மைதானத்தின் ஒரு பகுதியை விரிவாக்கிக் கட்டியது. அடுத்த பருவத்துக்கு ஒரு ஆட்டத்துக்கான உச்ச விலையை 59 பவுண்டிலிருந்து 77 பவுண்டாக உயர்த்தப் போவதாக அறிவித்தது. 2016 பிப்ரவரி 6 அன்று சண்டர்லாண்ட் அணியுடன் ஆட்டம். லிவர்பூல் இரண்டு கோல் முன்னிலையில் இருந்தது. சரியாக 77ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 ரசிகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். அவர்கள் போன பிறகு எதிரணி இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. நான்கே நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, விலை உயர்வைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதமே பிரீமியர் லீக் கிளப்புகள், வெளியூரிலிருந்து வரும் ரசிகருக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று 2016-17 பருவம் முதல் வரம்பு கட்டின.

எழுந்து போனவர்கள் புதியவர்கள் அல்லர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகள் வந்தவர்கள். புது ரசிகர் கூடுதல் விலை கொடுக்கத் தயாராகவே இருந்திருப்பார். பழையவர்கள் மறுத்ததால் புதியவருக்கும் விலை குறைந்தது.

ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகர மைதானத்தைப் பாருங்கள். அதன் தென்பகுதியில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். நிற்குமிடத்துக்கு இருக்கையைவிட விலை மிகக் குறைவு. கூட்டமோ நிரம்பி வழிகிறது. விலையை ஏற்றத் தெரியாமல் அவர்கள் இருக்கவில்லை. அந்தக் கூட்டமும் அதன் ஆரவாரமும்தான் அந்தக் கிளப்பின் முதல். விளம்பரக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

நேரத்துக்கு ஒரு விலை

இதற்கு நேர்மாறானது, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளில் நடத்தத் திட்டமிட்ட 2026 உலகக் கோப்பைக்கு உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா டிக்கெட் விற்ற முறை. தேவைக்கு ஏற்ப விலை ஏறி இறங்கும் என்று அறிவித்தார்கள். ரசிகர் ஒருவர் மற்றொருவருக்கு மறுவிற்பனை செய்வதற்குத் தாங்களே ஒரு சந்தை வைத்து, விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம் என இருபுறமும் தரகு எடுத்தார்கள். ரசிகர் அமைப்புகள் கண்டனம் எழுப்பிய பிறகு, 2025 டிசம்பரில், பங்கேற்கும் அணிகளின் விசுவாசமான ரசிகர்களுக்கென்று ஒரு சிறு பகுதி டிக்கெட்டுகளை 60 டாலருக்குத் தருவதாக அறிவித்தார்கள்.

ஒரு தண்ணீர் பாட்டிலை அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்றால் நம் கடைக்காரருக்கு அபராதம். கொஞ்சம் சரக்கு தேங்கினால் பதுக்கல் என்று பெயர். ஊருக்கு ஒரு நியாயம், உலகக் கோப்பைக்கு ஒரு நியாயமா? அந்த நாட்டுச் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு என்பது நமக்குத் தெரியும். ஆனால் கொள்ளை லாபம் என்ற சொல்லைச் சில்லறைக் கடைக்காரன் மீது மட்டும் வீசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

"வெங்காயம் விலை ஏறினால் நீங்களும் ஏற்றுகிறீர்களே" என்று யாராவது கேட்டால்? மண்டியில் நமக்கே கொள்முதல் விலை ஏறுகிறது, அதனால் ஏற்றுகிறோம். மைதானத்தின் இருக்கைக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே அப்படி எந்தச் செலவும் கூடுவதில்லை. இதுதான் வேறுபாடு. அதே சமயம், பழைய விலைக்கு வாங்கிய மூட்டையைப் புதிய விலைக்கு விற்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு இருப்பதையும் மறைக்க வேண்டாம். அப்படிச் செய்யும்போது நாமும் ஃபிஃபாவின் வழியில்தான் நடக்கிறோம்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் நாம் வைக்கும் விலையை வாடிக்கையாளர் மறப்பதில்லை. சரக்கு நிறைய இருக்கும்போது எவரும் நல்ல வியாபாரிதான். ஆகவே சரக்கு குறையும் நாளில் மூன்று காரியங்களைச் செய்வோம். பழைய வாடிக்கையாளருக்கு உரியதை முதலில் எடுத்து வைப்போம். புதிதாக வருபவருக்கென்று ஒரு பங்கை ஒதுக்குவோம். இருவருக்கும் ஒரே விலையைப் பலகையில் எழுதி வைப்போம்.

நம் உறுப்பினரின் மகனைப் பற்றி ஒரு வார்த்தை. ஏமாந்த அடுத்த மாதம் அவர் ஒரு சிறு நகர அணியின் ஆட்டத்துக்குப் போனார். அந்தக் கிளப்பிலேயே, உரிய விலைக்கு டிக்கெட் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் ஆட்டம் முழுவதும் ஒவ்வொரு ஆட்டக்காரரைப் பற்றியும் விளக்கிச் சொன்னாராம். பையன் இப்போது அந்தச் சிறு அணியின் ரசிகர். பெரிய கிளப் ஒரு வாடிக்கையாளரை இழந்தது. சின்னக் கடை ஒருவரைச் சம்பாதித்துக் கொண்டது. சின்னக் கடைக்காரர்களான நமக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?