வாய்க்காலுக்கு மேற்கேயும் புதுச்சேரிதான்



பாரம்பரியக் கட்டடம் என்று பேச்செடுத்தாலே நம் ஊரில் எல்லோர் கையும் கடற்கரைப் பக்கம்தான் நீள்கிறது. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பிரெஞ்சுப் பெயர்ப்பலகை என்று படம் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் அங்கேயே சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி வீடு வீடாக இடிபடுவது அரசுக்கும் உறைக்கவில்லை.

1761-ல் ஆங்கிலேயர் இந்த ஊரைத் தரைமட்டமாக்கிய பிறகும் பழைய வீதிக்கோட்டின் மேலேயேதான் ஊர் திரும்ப எழும்பியது. தமிழர் பகுதியில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. வீதியை ஒட்டி மரக்கால் நட்டு ஓடு சாய்த்த தாழ்வாரம், அதன் நிழலில் திண்ணை, நிலைப்படி தாண்டினால் முற்றம். சொந்த வீட்டின் முகப்பை ஊராருக்கு நிழலாக விட்டுக்கொடுத்த கட்டுமானம் இது. ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப்பிள்ளை மாளிகையைப் பாருங்கள்: கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் வீடு, மாடி காரைத்தூண்களோடு பிரெஞ்சு வீடு. இந்தக் கலப்பு கடற்கரைப் பக்கத்து பங்களாக்களில் ஏது?

ஒரு வீட்டை இடித்து நாலு மாடிக்கு அஸ்திவாரம் தோண்டினால் பக்கத்து வீட்டின் சுண்ணாம்புச் சுவர் விரிசல் விடுகிறது. அந்த வீட்டுக்காரரும் ‘இனிமே இத வெச்சிக்கிட்டு என்ன பண்றது’ என்று விலை பேசிவிடுகிறார். தாழ்வாரம் இருந்த இடத்தில் ஷட்டரும் பைக்குகளும். நடக்கிறவர் உச்சி வெயிலில் ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும்.

வீட்டுக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பங்காளிகள் நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கி, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடித்து, மழைக்கு மழை ஓடு மாற்றுவதை எத்தனை குடும்பம் தாங்கும்? ஆனால் வழியே இல்லை என்று சொல்லாதீர்கள். இதே பகுதியின் வைசியாள் வீதியில் உரிமையாளர்களையும் சேர்த்துக்கொண்டுதான் முகப்புகளைச் சீர்செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அந்த விருதைச் சொல்லிப் பெருமைப்படுகிற அரசு, அடுத்த வீதிக்கு ஏன் போகவில்லை?

2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் விழுந்தபோது, உலக வங்கி நிதியில் அதே சாயலில் திரும்பக் கட்டினார்கள். நல்ல காரியம். தமிழர் பகுதியில் வீடு விழுந்தால் மட்டும் குப்பை லாரிதான் வருகிறது.

அரசிடம் நான் கேட்பது இதுதான்: தமிழர் பகுதியின் பழைய வீடுகளை வீதிவாரியாகப் பட்டியலிட்டு, சட்டப் பாதுகாப்புக் கொடுங்கள். பழுதுபார்க்கும் உரிமையாளருக்கு வீட்டுவரிச் சலுகையும் மானியமும் தாருங்கள். அதுவரை தாழ்வாரத்தை இடிக்கும் எந்த வரைபடத்துக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தமிழர் பகுதியில் வசிக்கும் வாசகர்,
புதுச்சேரி.