எலும்பு க்ஷயமும் மூலக்கூற்றுப் பரீக்ஷையும்

க்ஷயரோகம் என்றதும் இருமலையும் சளியையும் நினைப்பதே நம்மவர் வழக்கம். அந்நோய் எலும்பையும் மூட்டையும் பற்றி மனிதனை முடமாக்கிவிடும் என்பதை அறிந்தவர் சிலரே. எலும்பு மூட்டு க்ஷயங்களில் ஏறக்குறையப் பாதி முதுகெலும்பைப் பற்றுவன. ஆரம்பத்தில் அது வெறும் முதுகுவலி. ஏழைத் தொழிலாளி தைலம் தடவுகிறான். வலி மாத்திரை விழுங்குகிறான். எலும்பு அரித்திருப்பது எக்ஸ்ரே படத்தில் புலப்படுவதற்குள் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலற்ற பிறகே பலர் பெரிய ஆஸ்பத்திரியின் படியை மிதிக்கின்றனர்.

இத்தாமதத்துக்கு நோயின் கள்ளத்தனமும் ஒரு காரணம். எலும்பில் இக்கிருமிகள் சொற்பமாகவே இருப்பதால் மைக்ராஸ்கோப்பில் பெரும்பாலும் அகப்படுவதில்லை. பரிசோதனைச் சாலையில் வளர்த்துக் காண்பதற்கோ ஆறு முதல் எட்டு வாரம் வரை செல்லும். இக்குறையை நீக்க வந்ததே மூலக்கூற்றுப் பரீக்ஷை. கிருமியின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.யின் சிறு துணுக்கைப் பன்மடங்கு பெருக்கிக் கண்டறியும் உபாயத்தை அமெரிக்கரான காரி முல்லிஸ் 1983-ல் வகுத்தார். அதற்காக 1993-ல் நோபல் பரிசும் பெற்றார். அவ்வுபாயத்தைக் கையாளும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவி, க்ஷயம் உண்டா என்பதையும், ரிபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்கு அக்கிருமி அடங்குமா என்பதையும் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிவிக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2010-ல் இதை ஆமோதித்தது. நம் நாட்டிலேயே தயாராகும் ட்ரூநாட் கருவியும் சளிப் பரீக்ஷைக்கு 2020-ல் அதே ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்றது. இது நாம் பெருமை கொள்ளத்தக்க விஷயமே.

ஆனால் கருவி இருந்தும் என்ன பயன்? ஊசியாலோ கத்தியாலோ எடுத்த எலும்புத் துண்டு முழுவதையும் பார்மலின் புட்டியில் இட்டு அனுப்பும் வழக்கம் இன்னும் அடியோடு ஒழியவில்லை. பார்மலினில் கிருமி மடிகிறது. அதை வளர்த்துப் பார்க்க வழியில்லை. மூலக்கூற்றுப் பரீக்ஷைக்கும் அத்துண்டு பெரும்பாலும் உதவாது. விசாரணைக்கு முன்னரே சாட்சியின் வாயை அடைத்துவிட்டு, சாட்சியம் இல்லை என்று தீர்ப்பு எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? ஒரு பகுதியை மட்டும் பார்மலினிலும், மற்றொரு பகுதியைச் சுத்தமான உப்புநீரிலும் இடுவதற்குக் கூடுதல் செலவு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. வேண்டுவது கவனம் ஒன்றே.

இப்பரீக்ஷையைச் சர்வ வல்லமை பொருந்தியதென்று நாம் கூறவில்லை. கிருமி இல்லையென்று அது சொன்னாலும் நோய் இல்லையென்று ஆகாது. செத்த கிருமியின் டி.என்.ஏ.யையும் அது காட்டக்கூடும். கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும் சாட்சி அது. மூட்டில் சீழ் வைக்கும் வேறு கிருமிகளைப் பற்றி க்ஷயப் பரீக்ஷை வாய் திறவாது. ஆகவே வளர்ப்புப் பரீக்ஷையும் திசுப் பரீக்ஷையும் உடன் நடைபெறவே வேண்டும்.

வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு க்ஷயத்தைத் தீர்க்கலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆராய்ச்சி. முதுகெலும்பு க்ஷயத்திலும் பலருக்குச் சஸ்திர சிகிச்சையின்றி மருந்தே போதும் என்பதை நிலைநாட்டியதில் சென்னைக்குப் பங்குண்டு. மருந்து இருக்கிறது, அதைக் காலத்தில் தொடங்குவதற்கான நிர்ணயமே பிந்துகிறது. 2025-க்குள் க்ஷயத்தை ஒழிப்போம் என்று 2018-ல் டில்லியில் பிரகடனம் செய்யப்பட்டது. அவ்வாண்டும் வந்தது, நோய் ஒழிந்தபாடில்லை.

சளியை மட்டுமன்றி, எலும்புத் திசுவையும் மூட்டுச் சீழையும் இலவசமாகப் பரீக்ஷிக்கும் வசதி ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் நடைமுறையில் கிடைக்கும்படி சர்க்கார் செய்ய வேண்டும். பார்மலின் விஷயத்தில் கண்டிப்பான உத்தரவு பிறக்க வேண்டும். வாரக்கணக்கில் நீங்காத முதுகுவலியோடு காய்ச்சலும் மெலிவும் கண்டால் உடனே வைத்தியரை நாட வேண்டுமென்பதைத் தேசத் தொண்டர்கள் கிராமந்தோறும் எடுத்துரைக்க வேண்டும். நடக்க வேண்டிய கால்கள் ஒரு புட்டியின் பிழையால் ஓய்ந்துவிடுவதை இனியும் நாம் பொறுக்கலாகாது.