கரும்பலகையில் அழிவனவும் ஏட்டில் நிற்பனவும்

ஆசிரியப் பணி நாவினால் ஆகும் பணி. நாள்தோறும் நான்கு அல்லது ஐந்து பாடவேளைகள் என முப்பது ஆண்டுகள் ஓர் ஆசிரியர் பேசுகிறார். கரும்பலகையில் அவர் எழுதியது அடுத்த பாடவேளையில் அழிக்கப்படுகிறது. பணி நிறைவு நாளில் பொன்னாடை போர்த்தி, வாழ்த்துமடல் வாசித்து, வாசல் வரை சென்று வழியனுப்புகிறோம். முப்பது ஆண்டுகளில் அவர் கண்டறிந்தவையும் அவரோடு விடைபெற்றுச் செல்கின்றன. யாப்பிலக்கணம் எந்த இடத்தில் மாணவர்க்குப் புரியாமற்போகிறது, எந்த எடுத்துக்காட்டைக் கேட்டதும் உறங்கிய வகுப்பு விழித்துக்கொள்கிறது, கடைசி இருக்கையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் மாணவியை எவ்வாறு பேசவைப்பது என்பனவற்றை எந்தப் பதிவேடும் தாங்கி நிற்கவில்லை.

ஆசிரியர்கள் எழுத வேண்டும் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்தாகும். ஆய்வுக் கட்டுரைகளை நாம் குறிப்பிடவில்லை. பதவி உயர்வுக்கும் தரமதிப்பீட்டுக்கும் வேண்டியிருப்பதால் அவை எழுதப்பட்டே வருகின்றன. தம் வகுப்பறையைப் பற்றியும், தம் இல்வாழ்க்கையைப் பற்றியும், தாம் விரும்பிப் பயிலும் கலை, பயணம், தோட்டம், நூல் ஆகியவற்றைப் பற்றியும் எளிய நடையில் எழுதும் எழுத்தையே கருதுகிறோம். அத்தகைய எழுத்துக்கு ஓர் ஒழுங்கும் தேவை. தம்மைப் பற்றித் துணிவோடு எழுதும் ஆசிரியர், மாணவரைப் பற்றி அச்சத்தோடு எழுத வேண்டும்.

எழுதப்படாத ஒரு வரலாறு

நம் மேற்குப் புறநகரையே எடுத்துக்கொள்வோம். ஆவடி என்றவுடன் 1955ஆம் ஆண்டுக் காங்கிரசு மாநாடும், 1961இல் நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையும் நினைவுக்கு வரும். அம்பத்தூர் என்றால் 1960களில் உருவான தொழிற்பேட்டை. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்ததும், 2019இல் ஆவடி தனி மாநகராட்சியானதும் அரசு ஆவணங்களில் உள்ளன. தொழிற்சாலைகளின் தோற்றத்தை எழுதியிருக்கிறார்கள். அங்கு வந்து சேர்ந்த தொழிலாளரின் மக்கள் எவ்வாறு படித்தார்கள் என்பதை எழுதியவர் எத்தனை பேர்?

பல மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் இவை. வீட்டில் தெலுங்கோ உருதோ பேசி, தெருவில் தமிழ் கற்ற பிள்ளைகள் உண்டு. தந்தை இரவு நேர வேலை முடித்து வந்து உறங்கும் ஒற்றையறையில், ஓசை எழாமல் பாடம் படித்த பிள்ளைகள் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் இவர்களுள் பலர். சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், ஆவடிக்கு அடுத்த நிலையத்துக்கு ‘இந்துக் கல்லூரி’ என்றே பெயர் வழங்குகிறது. ஒரு கல்லூரி தொடர்வண்டி நிலையத்துக்கே பெயராகும் அளவுக்குக் கல்வி இம்மண்ணில் வேரூன்றியிருக்கிறது. அந்தக் கல்வியை அருகிருந்து கண்டவர்கள் ஆசிரியர்களே. அவர்கள் எழுதாவிடில், எஞ்சுவன வருகைப் பதிவேடும் மதிப்பெண் பதிவேடும் மட்டுமே.

முன்னோர் காட்டிய நெறி

இது புதிய வழக்கமன்று. உ.வே. சாமிநாதையர் 1880 முதல் கும்பகோணம் அரசினர் கல்லூரியிலும், 1903 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் தமிழாசிரியராக விளங்கியவர். அவருடைய ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, அவர் மறைவால் முற்றுப்பெறாது நின்று, 1950இல் நூலாயிற்று. மகனின் படிப்புக்காகத் தந்தை ஊர்விட்டு ஊர் குடிபெயர்ந்ததையும், வறுமையையும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடம் சொன்ன முறையையும் அவர் எழுதிவைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்க் கல்வி எவ்வாறு நடந்தது என்று இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி அந்நூல் அளித்ததே. பதிப்புப் பணியோடு அவர் நின்றிருந்தால் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்திருக்கும். அவற்றைப் பயின்ற மாணவனின் பசியை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

“கல்வியைப் பற்றி எழுதலாம்; குடும்பத்தைப் பற்றி ஆசிரியர் எழுதுவது முறையோ?” என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு விடையாக மு. வரதராசனாரைக் காட்டலாம். திருப்பத்தூரில் பள்ளித் தமிழாசிரியராக இருந்து, 1939 முதல் 1961 வரை பச்சையப்பன் கல்லூரியில் பணியாற்றி, பின்னர் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக உயர்ந்தவர் அவர். ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ எனக் கடித வடிவில் அவர் எழுதிய நூல்கள் இல்லறத்தையும் மொழியையும் நாட்டையும் ஒரே மூச்சில் பேசின. மணமாகிச் செல்லும் பெண்ணுக்கு அவற்றைப் பரிசளிக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இருந்தது. வகுப்பில் அமர்ந்து அவரிடம் பாடம் கேட்க இயலாத பல்லாயிரவர் அந்நூல்கள் வழியே அவருக்கு மாணவராயினர்.

இஸ்லாமிய உலகில் இந்நெறி இன்னும் பழமையானது. இமாம் கஸ்ஸாலி 1091இல் பாக்தாத் நிசாமிய்யாக் கல்விக்கூடத்தின் தலைமை ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். நாற்புறமும் புகழ் பரவிய வேளையில் அவர் உள்ளத்தில் ஐயம் எழுந்தது. வகுப்பில் நா எழாமற்போயிற்று. 1095இல் பதவியைத் துறந்து வெளியேறினார். பின்னர் ‘அல் முன்கித்’ என்னும் தம் நூலில் அதை அவரே மறைக்காமல் எழுதினார். பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தமக்குப் பேச்சு நின்றுபோனதை எழுத எத்துணைத் துணிவு வேண்டும்! மாணவர் ஒருவர் அறிவுரை கேட்டு எழுதியதற்கு மறுமொழியாக அவர் எழுதியதே ‘அய்யுஹல் வலத்’ என்னும் சிறுநூல். தம்மைப் பற்றி எழுதிய ஆசிரியரும், மாணவருக்கு எழுதிய ஆசிரியரும் அவர் ஒருவரிடத்திலேயே காணப்படுகின்றனர்.

நம் காலத்துக்கு அண்மையில் எகிப்தின் தாஹா ஹுசைனைக் காண்கிறோம். 1889இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கண்ணொளி இழந்து, 1914இல் கெய்ரோப் பல்கலைக்கழகத்தின் முதல் முனைவர் பட்டத்தைப் பெற்றவர். பேராசிரியரான அவர் தம் சிற்றூர்ப் பள்ளியையும் அல் அஸ்ஹர் மாணவ வாழ்வையும் ‘அல் அய்யாம்’ என்னும் நூலில் எழுதினார். 1929இல் நூலாக வந்த அதன் முதற் பகுதியின் இறுதியில், தம் இளம் மகளை நோக்கியே பேசுகிறார். 1950இல் கல்வி அமைச்சரானபோது, கல்வி நீரையும் காற்றையும் போல யாவர்க்கும் உரியது என்னும் கொள்கையை முழங்கி, இடைநிலைக் கல்வியைக் கட்டணமற்றதாக்கினார். பிறர் கைப்பிடித்துப் பள்ளிக்குச் சென்ற ஒரு சிறுவனின் நினைவுகளை நாட்டார் முன்னரே படித்திருந்தனர். நம் பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி உள்ளது. அத்தகைய பள்ளிகளில் கற்று இன்று ஆசிரியர்களாக விளங்குவோர் தம் வாழ்வை எழுதினால், நம் மொழியிலும் ஓர் ‘அல் அய்யாம்’ பிறவாதோ?

தடைகள்

கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியிலும், இன்குலாப் சென்னைப் புதுக்கல்லூரியிலும், மு. மேத்தா மாநிலக் கல்லூரியிலும் பாடம் நடத்திக்கொண்டே எழுதியவர்கள். பள்ளி ஆசிரியரான இரா. நடராசனின் ‘ஆயிஷா’ என்னும் குறுநாவல், வினாக் கேட்கும் குழந்தையை நம் வகுப்பறை என்ன செய்கிறது என்று கேட்டு ஆசிரியர்களையே கலங்கவைத்தது. இத்தனை முன்மாதிரிகள் இருந்தும் நம்முள் பெரும்பாலோர் எழுதாமைக்குக் காரணங்கள் உள்ளன.

முதலாவது நேரமின்மை. தேர்தல் பணி, கணக்கெடுப்பு, படிவங்கள், தரமதிப்பீட்டுக் கோப்புகள் என ஆசிரியரின் பேனா பிறர் கேட்பதை எழுதியே ஓய்ந்துவிடுகிறது. இரண்டாவது அச்சம். நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன், தம் புதினத்துக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 சனவரியில் எழுத்தையே கைவிடுவதாக அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின்னரே அவர் மீண்டும் எழுத வந்தார். அத்துணைப் புகழ் பெற்றவருக்கே அந்நிலை எனில், நமக்கு யார் துணை என்று ஓர் இளம் ஆசிரியர் தயங்குவதில் வியப்பில்லை.

மூன்றாவது தடை ஆசிரியைகளுக்கே உரியது. விடியலில் சமைத்து வைத்து, கூட்ட நெரிசலில் வண்டியேறி வந்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்கே திரும்பும் அவர்களுக்கு எழுதும் மேசை என ஒன்று வீட்டில் இருப்பதில்லை. எழுதினாலோ, “வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்வதா?” என்னும் கேள்வி வருகிறது. ஆடவர் எழுதினால் அனுபவம், பெண் எழுதினால் அடக்கமின்மை என்று கருதும் போக்கு நம் சமுதாயத்தில் மறைய வேண்டும். 1992இல் ‘கருக்கு’ எழுதிய பாமாவும் ஓர் ஆசிரியையே. அவர் வாய்மூடி இருந்திருப்பின் தமிழ் எவ்வளவோ இழந்திருக்கும். சமுதாயப் பெரியோர்களும் கல்லூரி ஆட்சியாளர்களும் இதனை மனங்கொள்ள வேண்டும்.

அமானிதம்

இனி, அச்சத்தோடு எழுத வேண்டிய பகுதிக்கு வருவோம். ஆசிரியரிடம் மாணவர் ஒப்படைக்கும் மறைபொருள்கள் அமானிதப் பொருள்கள். கட்டணம் கட்ட இயலாமை, தந்தையின் குடி, தாயின் நோய், காதல், தோல்வி ஆகியவற்றை நம்பிக் கூறுகிறார்கள். ஆசிரியர் எழுத அமரும்போது இவையே சுவையான பொருளாகத் தோன்றும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

தேர்வுக் காலத்தில் விடைத்தாள் வேடிக்கைகள் கைப்பேசி வழியே எங்கும் பரவுவதைக் காண்கிறோம். பிழையாக எழுதிய ஒரு மாணவனின் கையெழுத்து, அவன் அறியாமலே ஊரார் நகைப்புக்கு உள்ளாகிறது. அப்பிழையைத் திருத்தவே நமக்கு ஊதியம் தரப்படுகிறது. அதை விற்றுப் புகழ் தேடுவதற்கன்று.

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்பர் சிலர். போதாது. ‘அம்பத்தூரில் ஒரு பள்ளி, பத்தாம் வகுப்பு மாணவி, தந்தை லேத் பட்டறையில் வேலை, தாய் நோயாளி’ என்று எழுதினாலே அத்தெருவில் உள்ளோர்க்கு ஆள் தெரிந்துவிடும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரோடு முகவரி, ஒளிப்படம், குடும்ப விவரம், பள்ளி, சுற்றுப்புறம் ஆகியவற்றையும் ஊடகங்கள் வெளியிடலாகாது எனத் தடுக்கிறது. பெயரை மறைத்தால் மட்டும் அடையாளம் மறைவதில்லை என்பதைச் சட்டம் உணர்ந்திருக்கிறது. அத்தடை ஒருவகைத் துன்பத்துக்கு ஆளான குழந்தைகளுக்காக இயற்றப்பட்டது. வறுமையும் தோல்வியும் அவமானமும் உற்ற பிற குழந்தைகளுக்குச் சட்டம் இடாத வேலியை ஆசிரியரின் மனச்சான்றே இட வேண்டும்.

ஆதலின் சில நெறிகளை முன்வைக்கிறோம். மாணவரைப் பற்றி எழுதியதை, அவர் வளர்ந்த பின்னராயினும், அவரிடம் காட்டி இசைவு பெறுக. இசைவு பெற இயலாவிடில், நிகழ்ச்சியை விடுத்து, அதனால் நாம் கற்றதை மட்டும் எழுதுக. எழுத்தில் எவரேனும் நகைப்புக்கு உரியவராக வேண்டுமெனில், அவர் ஆசிரியராகவே இருக்கட்டும்.

மாணவரும் எழுத வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்வோம். இத்தாலி நாட்டு மலைச்சிற்றூரான பார்பியானாவில், லொரென்சோ மிலானி என்னும் பாதிரியாரிடம் பயின்ற எளிய வீட்டுப் பிள்ளைகள் எண்மர், தம்மைத் தேர்வில் தள்ளிய கல்விமுறையை எதிர்த்து ஓர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதினர். 1967இல் நூலாக வந்த அக்கடிதம் பல மொழிகளில் பரவியது. ஆசிரியர் மட்டுமே எழுதும் வகுப்பறை வரலாறு ஒருபக்க வழக்கு. மறுபக்கத்தாரின் குரலும் பதிவானால்தான் அது நிறைவு பெறும்.

நாம் செய்யத்தக்கது

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நம் தமிழ்த்துறையில் ஒரு தடித்த குறிப்பேடு வைப்போம். துறையில் உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்துப் பக்கமேனும் தம் வகுப்பறையைப் பற்றியோ, தம் மக்களை வளர்த்ததைப் பற்றியோ, தாம் நாடிச்செல்லும் ஓய்வுநேர விருப்பத்தைப் பற்றியோ அதில் எழுதுவோம். பணி நிறைவு பெறுவோர் பொன்னாடையைப் பெறுமுன் தம் பக்கங்களைத் தந்து செல்லட்டும். அவற்றுள் வெளியிடத் தக்கவற்றுக்கு இம்மலர் ஆண்டுதோறும் சில பக்கங்களை ஒதுக்கட்டும். மாணவர் எழுதுவனவற்றுக்கும் அவற்றின் அருகிலேயே இடம் தரட்டும். ஆட்சியாளர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: நேர்மையாக எழுதியதற்காக எவரையும் அழைத்து விளக்கம் கேட்காதிருப்பார்களாக.

நம்மிடம் படிக்கும் மாணவருள் சிலர் நாளை ஆசிரியராகப் போகின்றனர். முதல் நாள் வகுப்பில் கால் நடுங்க நிற்கும்போது, இதே நடுக்கம் முன்னொருவருக்கும் இருந்தது, அவர் அதைக் கடந்தது இவ்வாறு என்று அறிய அவர்களுக்கு ஓர் ஏடு வேண்டும். அந்த ஏட்டின் முதற்பக்கத்தை இக்கல்வியாண்டிலேயே எழுதத் தொடங்குவோம்.