பார்படாஸில் ஓராண்டு தங்கி 'ஒர்க் ஃப்ரம் ஹோம்': கனவு வாழ்க்கையா, காஸ்ட்லி வாழ்க்கையா?

2024 டி20 உலகக் கோப்பையை இந்தியா வென்ற கென்சிங்டன் ஓவல் மைதானம் ஞாபகம் இருக்கா? அது இருப்பது கரீபியன் தீவு நாடான பார்படாஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுனில். கடற்கரையைப் பார்த்தபடி லேப்டாப்பில் வேலை செய்ய வெளிநாட்டினரை அழைக்கிறது இந்த நாடு. போனால் கட்டுப்படியாகுமா?

'வெல்கம் ஸ்டாம்ப்' என்றால் என்ன?

கொரோனாவால் சுற்றுலா முடங்கியபோது, 2020 ஜூலையில் பிரதமர் மியா மோட்லி அரசு கொண்டுவந்த விசா இது. வெளிநாட்டு நிறுவன வேலையை பார்படாஸில் இருந்தபடியே 12 மாதங்கள் செய்யலாம். ஆண்டு வருமானம் குறைந்தது 50,000 டாலர், அதாவது நம்ம கணக்கில் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். கட்டணம் தனி நபருக்கு 2,000 டாலர், குடும்பத்துக்கு 3,000 டாலர். அந்த வருமானத்துக்கு அங்கே வருமான வரி இல்லை. ஆனால் உள்ளூர் நிறுவனங்களில் வேலை பார்க்க முடியாது.

செலவு எப்படி?

இங்கேதான் சிக்கலே. உணவுப் பொருட்களில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. பெரும்பாலான பொருட்களுக்கு 17.5% வாட் வரி வேறு. ஆறுதல் என்னன்னா, ஒரு அமெரிக்க டாலருக்கு 2 பார்படாஸ் டாலர் என்ற மதிப்பு 1975 முதல் மாறவில்லை. அதனால் பட்ஜெட் போடுவது சுலபம்.

உள்ளூர் மக்களுக்கு லாபமா?

வாடகை, ஓட்டல், டாக்சி எனப் பணம் புழங்குகிறது. ஆனால் டாலரில் சம்பாதிப்பவர் தரும் வாடகையை உள்ளூர் சம்பளக்காரர் எப்படித் தருவார்? சிறிய தீவில் வீடுகளும் குறைவு. விருந்தாளிக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் திண்ணையில் படுத்த கதை ஆகிவிடக் கூடாது என்பதுதான் கவலை.

புயல் வந்தால்?

ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளி சீசன். 2024 ஜூலை தொடக்கத்தில் வந்த பெரில் புயலால் விமான நிலையம் மூடப்பட, கோப்பையோடு இந்திய அணி ஓட்டலிலேயே முடங்கியது. சில நாட்களில் தனி விமானத்தில் வீரர்கள் ஊர் திரும்பிவிட்டனர். படகுகளைப் பறிகொடுத்த பிரிட்ஜ்டவுன் மீனவர்களுக்கு அப்படி விமானம் ஏறிப்போக வேறு ஊர் இல்லை.

ஓராண்டு விசாவில் வருபவருக்கும் ஊர்க்காரருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். போக நினைப்பவர்கள் கடற்கரை படத்தோடு வாடகை, மருத்துவக் காப்பீடு, புயல் மாதங்கள் மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.